யூ நோவும் கைநழுவிய நண்டும்

பாம்பனில் நண்டு வாங்கப் போனோம். சென்னையில் வேலை பார்க்கும் சித்தி மகனும் கூட வந்தான். "ஏன்டா, விசைப்படகு எப்ப கடலுக்குப் போகும்?" என்றேன். "ஆக்சுவலி... யூ நோ... பேசிக்கலி, ஐ மீன், தடைக்காலம்... லைக்..." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை, அது முடிஞ்சாப் போகும். இவ்வளவுதானே சொல்ல வேண்டியது!

'யூ நோ'வாம். எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்கிட்ட எதுக்குடா கேக்குறேன்? 'டு பி ஹானஸ்ட்' இன்னும் மோசம். அப்போ இதுவரைக்கும் சொன்னதெல்லாம்?

ஆங்கிலத்தில் பேசும்போது இழுக்கும் வெறும் 'அ', 'அம்' (uh, um) என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'அ' வந்தால் சின்னத் தாமதம், 'அம்' வந்தால் பெரிய தாமதம் என்று கேட்பவருக்கு அறிகுறி காட்டுகிறதாம். கிளார்க், ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் எழுதியது. நாமும் யோக்கியமில்லை, எங்க அப்பத்தா 'வந்து' போடாமல் ஒரு கதை சொன்னதில்லை. ஆனால் 'வந்து'க்குப் பின்னால் கதை வரும்!

"தம்பி, நண்டு வேணுமா வேணாமா?" என்றார் மீன்கார அக்கா. இவன் "பேசிக்கலி..." என்று ஆரம்பித்தான். அதற்குள் பக்கத்தில் நின்றவர் கூடையோடு வாங்கிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் சூடை மீன் குழம்பு.