விண்மீனிடைத் தூசி எதனால் ஆனது என்று எக்ஸ் கதிர் சொல்லாதா?

"விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி கடுங்குளிரில் கிடக்கிறது, எக்ஸ் கதிரை வெளியிடாது, ஆகவே எக்ஸ் கதிரால் அதன் சேர்மானத்தை அறிந்தோம் என்பது வெறும் ஊகம்" என்று ஒரு கூற்று சுற்றி வருகிறது. முதல் பாதி சரி. முடிவு தவறு.

தூசி ஒளிர வேண்டிய தேவையே இல்லை. அதற்குப் பின்னால் பிரகாசமாக எரியும் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்தான் (ஒன்றையொன்று சுற்றிவந்து எக்ஸ் கதிரை வெளியிடும் இணை) விளக்கு. வழியில் தூசி எதை விழுங்கியது என்பதை, 1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்வெளித் தொலைநோக்கிகளின் நிறமாலைமானிகள் (கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவிகள்) அளக்கின்றன. சிலிக்கான் இருந்தால் சுமார் 1.84 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உட்கவர்தல் சட்டென்று எகிறும்; இந்த இடத்தை விளிம்பு என்பார்கள். அந்த விளிம்பை ஒட்டித்தான் உண்மையான செய்தி இருக்கிறது: அணுவிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் அலை பக்கத்து அணுக்களில் பட்டுத் திரும்புவதால் நிறமாலையில் நுண்ணிய மேடுபள்ளங்கள் விழும். தனித்தனி அணுக்களாலான வாயுவில் இவை வராது. அந்த வடிவத்தை, சின்க்ரோட்ரான் (வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் துகள் முடுக்கி) ஆய்வகங்களில் அளந்த ஒலிவின், பைராக்சீன் என்ற சிலிக்கான் கனிமங்களோடு ஒப்பிடுகிறார்கள். அளந்து ஒப்பிட்டதை ஊகம் என்று தள்ளுவது நியாயமல்ல.

2023இல் ஜப்பானிலிருந்து ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, இதே வழியில் கந்தகத்தை வாயுவாகவும் திண்மமாகவும் கண்டது. வரம்பும் உண்டு: பின்னால் பிரகாசமான விளக்கு இல்லாத திசையில் இந்த முறை செல்லாது.