குட்டிக்குப் பிஸ்கட், ஆச்சிக்கு வாளி

(செங்கோட்டை. விடாமல் சாரல் விழுகிற காலை. ஆச்சி வீட்டுத் திண்ணை.)

ஆச்சி: ஏய்யா, உன் நாய்க்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும்.

தம்பி: பேசுங்கள் ஆச்சி. தெருவே அதைத்தான் பேசுகிறது. வாங்கி வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கிடையாது!

ஆச்சி: தெரியும். அந்தச் சொட்டு எங்கே போகிறது என்றும் தெரியும்.

தம்பி: எல்லாம் நேரம்தான் ஆச்சி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கி வந்துவிட வேண்டும். மூன்று மாசக் குட்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்காது.

ஆச்சி: நானும் இத்தனை நாளாக அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி: ஐயையோ, சுகரா ஆச்சி? டாக்டரிடம் காட்டினீர்களா?

ஆச்சி: கோபத்தைச் சொன்னேன்.

தம்பி: கோபம் கூடவே கூடாது! அடித்தாலும், மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தாலும் குட்டிக்கு ஒன்றும் புரியாது. பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒன்றுக்கு இருந்து வைக்கும். சரியான இடத்தில் இருந்ததா, அந்த நொடியே ஒரு பிஸ்கட்.

ஆச்சி: சரியான இடம் என்றால் என் திண்ணையா?

தம்பி: நீங்கள்தானே முன்னால் தகரம் போட்டிருக்கிறீர்கள். எங்கள் புறவாசல் சாரலில் சொதசொதவென்று கிடக்கிறது. ஈரத்தில் காலே வைக்க மாட்டேன் என்கிறது, பாவம்.

ஆச்சி: தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கலாமா?

தம்பி: தெருவில் எங்கே இறக்குகிறேன்? டாக்டர் சொன்னதிலிருந்து நேரே உங்கள் திண்ணைதான்.

ஆச்சி: நானும் பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவுகிறேன்...

தம்பி: அங்கேதான் தப்பு! பினாயில் போட்டால் நாற்றம் நமக்குத்தான் மறையும், நாய் மூக்குக்கு மறையாது. பழைய மோப்பத்தைப் பிடித்து அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரு வகையில் நல்லதுதான், குட்டிக்கு இடம் மாறாது. நீங்கள் ரொம்பத் தேய்க்காதீர்கள்.

ஆச்சி: கழுவவே கூடாதா?

தம்பி: கொஞ்ச நாளைக்குத்தான்.

ஆச்சி: அந்தப் பிஸ்கட்டை எடு.

தம்பி: குட்டிக்கா?

ஆச்சி: எனக்கு. கழுவுகிறவளுக்கு அந்த நொடியே கொடுக்க வேண்டாமா?

தம்பி: ஆச்சி, அது நாய் பிஸ்கட்!

ஆச்சி: பார்க்கிற வேலைக்கு அது போதும்.

தம்பி: சின்னக் குட்டி, நாலு சொட்டு. பக்கத்து வீட்டுக்குள் இதைப் போய்ப் பெரிசுபடுத்தலாமா?

ஆச்சி: கேரளாவிலிருந்து புளியரை வழியாக ராத்திரியில் லாரி வந்து நம் பக்கம் குப்பையைக் கொட்டினால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்ன கத்து கத்துகிறாய்? 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் கொட்டின ஆஸ்பத்திரிக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் கேரளாக்காரர்களே லாரி கொண்டு வந்து அள்ளிப் போனார்கள். நீ அள்ளுவதற்கு ஒரு பழைய பேப்பராவது கொண்டு வந்தாயா?

தம்பி: அது வேறு ஆச்சி. அவர்கள் எல்லை தாண்டி வந்து...

ஆச்சி: ம், சொல்லு.

தம்பி: பேப்பரைக் குட்டி கிழித்துவிடுகிறது.

ஆச்சி: சரி, நான் தீர்ப்பாயத்துக்கே போகிறேன். உன் பொஞ்சாதி வீட்டில்தானே இருக்கிறாள்?

தம்பி: ஆச்சி, நில்லுங்கள்! வாளி எங்கே இருக்கிறது? பினாயில்?

ஆச்சி: பினாயில் வேண்டாம். நமக்குத்தான் மறையும் என்றாயே. நன்றாகத் தேய்.