கடன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கோ

“என்ன தொழில் படிக்க விருப்பம்?” என்று தொழில் ஆலோசகர் டொச்சில் (ஜேர்மன் மொழியில்) கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஊரில் இருந்து வந்த தம்பி மேசையைப் பார்த்தபடி, “எதெண்டாலும் செய்வன் அக்கா” என்றான். நான் அதை டொச்சில் சொன்னேன். படிவத்தில் ‘குறிப்பிட்ட விருப்பம் எதுவும் இல்லை’ என்று எழுதப்பட்டது. இருபது நிமிசத்தில் சந்திப்பு முடிந்தது.

பதினைந்து வருசமாக சுவிசில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். இந்தப் பதிலை எத்தனை பேருக்காக டொச்சில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எங்கட பிள்ளை ஒன்று ‘எதெண்டாலும் செய்வன்’ என்று சொன்னால் விருப்பம் இல்லை என்று அர்த்தமில்லை. ஊரில் அம்மா காணி உறுதியை ஈடு வைத்திருக்கிறா, வட்டி ஏறுது, இந்த மாதமே காசு அனுப்ப வேணும் என்று அர்த்தம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் சொன்னதைத்தான் சொல்லலாம், சொல்லாததைச் சேர்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. அந்த அறையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சுவிசுக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அசூல் (தஞ்சம்) கேட்டு வருகிறவர் முதலில் மத்திய அரசின் காம்பில் இருப்பார். அங்கே வேலை செய்ய ஏலாது. பிறகு, முடிவு வரும்வரை குடுக்கிற ‘என்’ (N) விசாவோடு ஒரு கன்டோனுக்கு (மாநிலத்துக்கு) அனுப்பப்பட்டால், கன்டோன் அனுமதித்தால் வேலை செய்யலாம். அகதியாக ஏற்றுக்கொண்டால் பி விசா. திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் தஞ்சமும் இல்லை என்றால் எஃப் விசா. 2019 மே மாதத்தில் இருந்து, இப்படி முடிவு கிடைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் 18,000 பிராங் மத்திய அரசிடம் இருந்து கன்டோனுக்குப் போகிறது. முன்னர் அது 6,000. மொழி வகுப்பு, தொழில் ஆலோசனை, பயிற்சி எல்லாம் அந்தக் காசில்தான். ஐந்து வருசத்துக்குள் 16 முதல் 25 வயது வரையானவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்கல்விக்குள் இருக்க வேணும், ஏழு வருசத்துக்குள் வளர்ந்தவர்களில் பாதிப் பேர் வேலையில் இருக்க வேணும் என்று குறிக்கோளும் வைத்திருக்கிறார்கள். 2018 இல் இருந்து, லேர (சம்பளத்தோடு வேலையிடத்தில் நின்று படிக்கிற தொழிற்கல்வி) தொடங்க முதல் ஒரு வருசம் பட்டறையிலும் பள்ளியிலும் தயார்படுத்துகிற முன்பயிற்சியும் இருக்கிறது. முன்பு அசூல் கேட்டு இருந்தவர்களினதும் எஃப் விசாக்காரரினதும் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து விசேட வரியாக வெட்டினார்கள். 2018 தொடக்கம் அதுவும் இல்லை.

நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். நான் 1991 இல் வந்தபோது இதில் எதுவும் இல்லை. ஒரு கிழிந்த அகராதியும், யார் எந்த உணவகத்தில் ஆள் தேடுகிறார் என்று தெரிந்த ஒரு அண்ணரும்தான் எங்களுக்கு ஆலோசனை நிலையம்.

இவ்வளவு இருந்தும் ஏன் எங்கட பிள்ளைகள் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு சமையலறைக்கு ஓடுகிறார்கள்? சோம்பல் இல்லை, படிப்பில் அக்கறை இல்லாமலும் இல்லை. கணக்கைப் பாருங்கோ. பயிற்சி எதுவும் இல்லாதவருக்கும் உணவகத்தில் முழுநேர வேலை என்றால் மாதம் 3,600 பிராங்குக்கு மேல் குறைந்தபட்சச் சம்பளம். லேர செய்கிறவருக்கு முதல் வருசம் பெரும்பாலான தொழில்களில் 1,000 பிராங்கைக்கூட எட்டாது. வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரனுக்குக் குடுத்த காசை வட்டியோடு திருப்பவேண்டிய பிள்ளைக்கு எந்தப் பக்கம் கண் போகும்?

அதோடு எங்கட ஆட்களின் வாயும் சேர்ந்துவிடும். “நாங்கள் எல்லாம் கோப்பை கழுவித்தான் தங்கச்சிமாரைக் கரை சேர்த்தனாங்கள், உனக்கென்ன லேரயும் மண்ணாங்கட்டியும்” என்று கோயிலில் வைத்தே சொல்வார்கள். கோப்பை கழுவியதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என்ரை மனிசன் 26 வருசம் சமையலறையில் நின்றவர். அந்தக் காசில்தான் எங்கட மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள், ஊரில் இரண்டு கலியாணம் நடந்தது. ஆனால் 56 வயதில் முழங்கால் இரண்டும் போனபிறகு வேறு வேலை தேடிப் போனபோது அவரிடம் காட்டுவதற்கு ஒரு பத்திரமும் இல்லை. சமையலறைக்குள் எல்லாரும் தமிழ் என்பதால் டொச்சும் வரவில்லை. வேலையில்லாதோர் அலுவலகத்தில் அவருக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். “இவ்வளவு காலம் என்ன கற்றீர்கள்?” என்று அங்கே கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். என் தொழிலில் நான் வேண்டுமென்று செய்த ஒரே பிழை அது.

அதனால்தான் இந்தத் தம்பியின் விசயத்தில் எனக்கு அவ்வளவு தவிப்பு. இரண்டாம் சந்திப்புக்குப் போனால் வேறொரு ஆலோசகர், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். படிவத்தை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, “இரவு நித்திரை வருதா?” என்று கேட்டா. தம்பி என்னைப் பார்த்தான். “விடிய நாலு மணிக்கு அம்மா எடுப்பா” என்றான். “அம்மா என்ன சொல்லுவா?”

அதற்குப் பிறகுதான் கடன் கதை வந்தது. மொத்தம் 45 இலட்சம் ரூபாய். அதில் 20 இலட்சம் காணி உறுதி வைத்து நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்கு எடுத்தது. வட்டி மட்டும் மாதம் 60,000. கடன் குடுத்தவர் படலையடியில் வந்து நின்று சத்தம் போடுகிறார். பேசி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு கீறினா. இடப்பக்கம் இன்றைக்கே சமையலறைக்குப் போனால் வருகிற காசு, வலப்பக்கம் லேர முடித்தால் வருகிற காசு. கீழே, ‘வட்டியை மட்டும் இரண்டு மூன்று வருசத்துக்கு யார் சுமக்கலாம்?’ என்று எழுதச் சொன்னா. தம்பிக்குக் கனடாவில், ஸ்காபரோவில் மாமன் ஒருவர் இருக்கிறார். கேட்க வெட்கம். தாளைப் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்பினான். மாமன் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, “வட்டியை நான் பாக்கிறன், நீ படி” என்றார்.

அந்தத் தாளில் அவன் ஊரில் என்ன செய்தான் என்றும் எழுதப்பட்டது. விசுவமடுப் பக்கம் லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) தண்ணி இறைக்கிற மெசினும் திருத்திக்கொண்டு திரிந்தவன். முதல் சந்திப்பில் ‘விருப்பம் எதுவும் இல்லை’ என்று எழுதப்பட்டது இவனைப் பற்றித்தான்! இப்போது உழவு இயந்திரம் திருத்துகிற ஒரு பட்டறையில் ஒரு கிழமை பரீட்சார்த்தமாக நின்றான். முதலாளி ஒரு பழைய டீசல் இயந்திரத்தைக் காட்டி, “கழட்டு பார்ப்போம்” என்று சொல்ல, இவன் ஒரு சொல் டொச் இல்லாமல் கழட்டி, ஆணிகளை வந்த ஒழுங்கிலேயே துணியில் அடுக்கி வைத்தானாம். முன்பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது.

எல்லாருக்கும் கனடாவில் மாமன் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் கடனைக் கேட்காமல் செய்கிற தொழில் ஆலோசனை பாதி ஆலோசனைதான். நித்திரையும் அப்படித்தான். அடைத்து வைத்து அடிபட்டு வந்தவர்கள், இறுதிப் போரில் உறவுகளைப் புதைக்காமல் விட்டு வந்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இரவெல்லாம் முழித்திருந்தவனுக்குக் காலையில் டெர், டீ, டஸ் என்ற டொச் இலக்கணம் எப்படி ஏறும்? சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளானவர்களுக்காகவே செஞ்சிலுவைச் சங்கம் 1995 இல் இருந்து பேர்னில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துகிறது. ‘பைத்திய டொக்டரிட்டைப் போறான்’ என்று ஊர் கதைக்கும் என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகாதவர்கள் எத்தனை பேர்.

அரசாங்கத்திடமும் ஒரு குறை சொல்லவேணும். எஃப் விசாக்காரர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வேணும் என்றால் சோசியல் காசில் (அரசின் உதவிப்பணத்தில்) இருக்கக்கூடாது. லேர செய்கிறவரின் சம்பளம் குடும்பத்துக்குக் காணாது, ஆகவே சோசியல் தேவைப்படும். ஒரு அலுவலகம் ‘படி’ என்கிறது, இன்னொன்று ‘படித்தால் மனிசியைக் கூப்பிடாதே’ என்கிறது. முப்பது வயது ஆள் எதைத் தெரிவு செய்வார்? லேர செய்கிற காலத்தை உழைக்கிற காலமாகவே கணக்கெடுக்க வேணும். அடுத்தது, அந்த 18,000 பிராங் விசா முடிவு வந்த பிறகுதான் வருகிறது. ‘என்’ விசாவோடு காத்திருக்கிற மாதங்களில் கட்டிலில் கிடந்து தொலைபேசி பார்த்தே ஆட்கள் உடைந்துபோகிறார்கள். ஆலோசனை அந்த நாட்களிலேயே தொடங்க வேணும்.

இங்கே கராஜ், வெதுப்பகம், மின்வேலை, தச்சு வேலை என்று சொந்தமாகத் தொழில் நடத்துகிற எங்கட ஆட்கள் இப்போது நிறையப் பேர். கோயில் தேருக்கு அள்ளிக் குடுக்கிற கை உங்கட கை. வருசத்துக்கு ஒரு பிள்ளையை ஒரு கிழமைக்குப் பட்டறையில் நிற்க விடுங்கோ. சமையலறையில் இருக்கிற அண்ணமாரே, புதிதாக வருகிற தம்பிக்கு வேலை எடுத்துக் குடுக்க முதல், கடன் எவ்வளவு, யாருக்கு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கோ. கூட இருந்து எழுத ஆள் வேணும் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கோ. சனிக்கிழமைகளில் நான் வருவேன்.