அப்பாவின் கத்திரிக்காயும் மே 21-ம்

நேற்று மே 21, 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாள். காலையில் காபி ஆறுவதற்குள் டிவியில் ஆரம்பித்துவிட்டார்கள். வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு சந்தன மாலையோடு அவருக்காகக் காத்திருக்கும் பெண்ணின் அதே படம், பின்னால் அழுகிற வயலின். படத்தை எடுத்த ஹரிபாபு அந்தக் குண்டுவெடிப்பிலேயே இறந்துபோனார். கேமரா தப்பியது. அதிலிருந்த ஃபிலிமை வைத்துத்தான் புலனாய்வே நகர்ந்தது. இத்தனை வருஷமாக சேனல்களும் அதே ஃபிலிமை வைத்துத்தான் ஓட்டுகின்றன.

வேலூர் சிறை இருக்கும் எங்கள் தொரப்பாடிக்கு இது ஒருகாலத்தில் ஓபி வேன் (டிவிக்காரர்களின் நேரலை வண்டி) வரும் நாள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற முருகன், சாந்தன், பேரறிவாளன் மத்திய சிறையில்; நளினி பெண்கள் சிறையில். மைக் பிடித்த தம்பி மதில் சுவரைக் காட்டி "பரபரப்பு" என்பார். சுவர் அதுபாட்டுக்கு நிற்கும். பின்னால் பாகாயம் பஸ் போகும்.

நிஜமாகவே பரபரப்பான விஷயம் 2008 மார்ச் 19-ஆம் தேதி நடந்தது. பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்துப் பேசிவிட்டுப் போனார். ஒரு கேமரா இல்லை. ஏப்ரலில்தான் ஊருக்கே தெரிந்தது. அப்பாவைப் பறிகொடுத்த மகளுக்குக் கேட்க ஏதோ இருந்திருக்கிறது. அதற்கு நினைவுநாளும் வேண்டியிருக்கவில்லை, மைக்கும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2014-இல் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கு ரத்தாகி, விடுதலை பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு சேனல்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பிடித்தார்கள். அப்பா லாரி ஓட்டியவர். 1991-இல் அந்த ராத்திரி இலவம்பாடி கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு கொத்தவால்சாவடிக்குக் கிளம்பியிருந்தார். வாலாஜாவில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் கடை இல்லை, பஸ் இல்லை, மே மாத வெயில். மூட்டைக்குள் காய் வெந்து தண்ணீர் விட்டு, நாற்றம் தாங்காமல் ரோட்டோரமாகக் கொட்டியிருக்கிறார். லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஆற்காடு வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார். ரேடியோ வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் ஊரே உட்கார்ந்து அழுததை இன்றைக்கும் சொல்வார். (அப்போது எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர்.)

இதையெல்லாம் பத்து நிமிஷம் பேசினார். வந்தது ஒரே வரி: "சட்டம் என்ன சொல்லுதோ அதான்." விடுதலை சரியா தப்பா என்று மூன்று தடவை கேட்டு வாங்கிய பதில் அது.

என் கோபம் அங்கேதான். சேனல்களுக்கு நினைவுநாள் என்பது வருஷாந்திர வாய்தா. எதிரெதிரே நான்கு பேரை உட்காரவைத்தால் வேலை முடிந்தது. அன்றைக்கு டியூட்டியில் செத்த எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, கவிதை சொல்ல வந்த அந்தச் சின்னப் பெண், இவர்களெல்லாம் "மேலும் பலர்" என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். பேப்பர் மட்டும் என்ன? அரசு அலுவலகத்தில் கையை நீட்டி பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கும் போட்டோ. போன வருஷப் போட்டோவைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

2022-இல் எல்லோரும் வெளியே வந்தபிறகு ஓபி வேன்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. சென்னை பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது மட்டும் அப்பா பக்கத்து சீட்காரரிடம் வாலாஜா கதையை ஆரம்பிப்பார். நேற்றும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னாடா, கத்திரிக்கா மேட்டரு போட்டானா?"

இல்லைப்பா என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தேன்.