‘ஜே.எஃப்.கே.’ படத்தில் காணாமல் போன சாட்சி

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1963-ல் கொல்லப்பட்டதைப் பற்றி ஆலிவர் ஸ்டோன் எடுத்த ‘ஜே.எஃப்.கே.’ (1991) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். “சினிமாதானே, விடுங்க” என்று ஒரு பக்கம், “எல்லாம் பொய்” என்று மறுபக்கம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. வசனத்தைக் கற்பனை செய்யலாம், நாலு பேரை ஒரே பாத்திரமாக்கலாம். படத்தில் வரும் மிஸ்டர் எக்ஸ் என்ற அதிகாரியை, அதன் நாயகனான அரசு வழக்கறிஞர் கேரிசன் உண்மையில் வாஷிங்டனில் சந்திக்கவே இல்லை. ஆனாலும் அவர் பேசும் கருத்துகள் ஃப்ளெட்சர் ப்ரௌட்டி என்ற ஓய்வுபெற்ற விமானப்படை கர்னலுடையவை. அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் பெர்ரி ரூஸோ என்ற சாட்சியின் விஷயத்தில்தான்.

கென்னடி கொலைச் சதிக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரே மனிதர், நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த கிளே ஷா. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன் அவரை 1967 மார்ச் 1 அன்று கைது செய்தார். ஒரு விருந்தில் ஷா, டேவிட் ஃபெர்ரி என்ற விமானி, கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்ட் மூவரும் கொலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன் என்றார் ரூஸோ. வழக்கு நின்றதே இந்தச் சாட்சியத்தின் மேல்தான். ஆனால் பேட்டன் ரூஜில் அவரை முதலில் விசாரித்தபோது எழுதிய குறிப்பில் அந்த விருந்துப் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு, உண்மையைப் பேச வைக்கும் என்று நம்பப்பட்ட சோடியம் பென்டதால் ஊசி போட்டார்கள், ஹிப்னாடிசமும் செய்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதையெல்லாம் குறுக்கு விசாரணையில் போட்டு உடைத்தார்கள். 1969 மார்ச் 1 அன்று ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் ஷாவை விடுவித்தது.

படத்தில் ரூஸோவின் இடத்தில் இருப்பது வில்லி ஓ’கீஃப் என்ற கற்பனைக் கைதி. ஊசியும் இல்லை, ஹிப்னாடிசமும் இல்லை. தெளிவாக நினைவிருக்கும் ஒருவன் சொல்கிறான், விருந்து அப்படியே திரையில் விரிகிறது. ஜூரி எதை நம்ப மறுத்ததோ அதைப் பார்வையாளர் கண்ணால் பார்த்துவிடுகிறார். சதியில் தனக்குப் பங்கில்லை என்றே பத்திரிகைகளிடம் சொல்லிவந்த ஃபெர்ரியும் ஹோட்டல் அறையில் உடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். ஷா 1974-லேயே இறந்துவிட்டார், எழுந்து வந்து மறுக்க முடியாது. உண்மைப் பெயரை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் மாற்றுவது அநியாயம்.

படத்தொகுப்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 8 எம்எம், 16 எம்எம், 35 எம்எம், கறுப்பு வெள்ளை எல்லாம் கலந்து, செய்திப்படத் துண்டுக்குப் பக்கத்திலேயே நடித்து எடுத்த துண்டு. ஒளிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது தகுதியானதே. ஆனால் எது ஆவணம், எது நடிப்பு என்று தெரியவில்லை. நடித்த காட்சிகளை 35 எம்எம் வண்ணத்தில் மட்டும் வைத்திருந்தால் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், குழப்பம் பெருமளவு தீர்ந்திருக்கும்.

ஒரே தோட்டா கென்னடியையும் காரில் அவருக்கு முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் துளைத்தது என்ற அரசு விளக்கத்தைக் கேலி செய்யும் ‘மாயத் தோட்டா’ காட்சியிலும் இதே கோளாறு. கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் ஆளுநர் கானலியை உட்கார வைக்கிறார்கள். அப்படி வைத்தால் தோட்டா வளைந்துதான் போக வேண்டும். உண்மையில் கானலி இருந்தது மடக்கு இருக்கை. பின் இருக்கையைவிட சுமார் 3 அங்குலம் தாழ்வு, கதவிலிருந்து உள்ளே தள்ளியும் இருந்தது. அதைச் சேர்த்தால் கோடு நேராகிவிடும். இதனால் ஒரே ஆள்தான் சுட்டான் என்று நிரூபணமாகிவிடாது. படம் காட்டும் அந்த நிரூபணம் மட்டும் நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் படத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கொலை பற்றிய விசாரணைக் கோப்புகள் 2029 வரை பூட்டப்பட்டிருக்கும் என்று அதன் முடிவில் வந்த வரிகள் மக்களைக் கொதிக்க வைத்தன. 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவற்றைத் திறக்கச் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த மறுஆய்வு வாரியம் 1998 வரை இயங்கி லட்சக்கணக்கான பக்கங்களைத் திறந்துவிட்டது. கேரிசன் நடத்திய கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குழு) விசாரணைப் பதிவுகளும் அப்படித்தான் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. படம் மறைத்த ரூஸோவை இன்று அங்கே வாசிக்கலாம்.