நூறு டாலர் சண்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு பேர். கறி எடுக்கப் போன சித்தப்பா, பையோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தி இரண்டு தடவை போன் செய்தும் அசையவில்லை. அமெரிக்காவின் மேவெதருக்கும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவுக்கும் குத்துச்சண்டை. லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி என்றால் நமக்கு ஞாயிறு காலை ஒன்பது, ஒன்பதரை. இட்லி இறங்கியிருக்கும், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பெரிய குத்துச்சண்டை பார்க்க இதைவிடத் தோதான நேரம் வேறெந்த ஊருக்கும் வாய்க்காது என்பது என் கட்சி.

அதே நேரம் நியூஜெர்சியில் என் மச்சான் தன் வீட்டில் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வைத்திருந்தார். அங்கே அந்த ஒரு சண்டையைப் பார்க்க மட்டும் கிட்டத்தட்ட 100 டாலர். அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். எங்களுக்கோ மாதக் கேபிள் வாடகையோடு சோனி சிக்ஸில் வந்துவிட்டது. போனில் சொன்னதும், "சும்மாவா? சும்மாவா பாக்குறீங்க?" என்று மூன்று முறை கேட்டார்.

சண்டை சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கடைசி நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் பணம் கட்ட முண்டியடித்ததில் அமெரிக்கக் கேபிள்காரர்களின் கணினிகள் திணறிவிட்டன. அவர்களுக்குப் படம் போய்ச் சேரும்வரை இரண்டு வீரர்களையும் உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். காசு கட்டுகிறவர்கள் வரிசையில் நின்றதால் காசு கட்டாத நாங்களும் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அப்பத்தா வந்து டிவியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பங்காளிகளாப்பா? எந்தச் சொத்துக்கு அடிச்சுக்கப் போறாக?" என்று கேட்டது. 46 லட்சம் வீடுகள் காசு கட்டி, அமெரிக்காவில் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலான சண்டை அது. அப்பத்தா கேட்டதில் ஒன்றும் தப்பில்லை.

பன்னிரண்டு ரவுண்டும் மேவெதர் நழுவிக்கொண்டே இருந்தார். தொடவே முடியவில்லை. நடுவர்கள் மூவரும் அவருக்கே கொடுத்தார்கள். எங்கள் ஹாலில், "மனுஷன் விலாங்கு மீன்யா" என்று சிரித்தோம், எழுந்தோம், சாப்பிடப் போனோம். நியூஜெர்சியில் அப்படி இல்லை. "ஏமாத்திட்டானுங்க" என்று மச்சான் கொதித்தார். ஒரே சண்டை, ஒரே படம். எங்களுக்கு வித்தையாகத் தெரிந்தது அவருக்கு மோசடியாகத் தெரிந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு சண்டைக்கென்று தனியாகக் காசு வாங்கினால் பார்க்கிறவன் கண்ணே மாறிவிடுகிறது. ரசிகனாக உட்காரவேண்டியவன் கடன் கொடுத்தவன் மாதிரி உட்காருகிறான்.

டைசன் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தார். 1995இல் சிறையிலிருந்து வந்தபின் மெக்நீலியோடு நடந்த முதல் சண்டை 89 விநாடியில் முடிந்தது. குத்துச்சண்டை என்று பார்த்தால் முதலாவது ஓர் அதிசயம். மாசு மருவில்லாத வேலை. ஆனால் காசு கட்டியவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், விநாடிக்கு எத்தனை சென்ட் என்று வகுக்கிறான். சீக்கிரம் முடிந்தால் நஷ்டம், மெதுவாக நடந்தால் சலிப்பு. 1997இல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்து மூன்றாவது ரவுண்டில் டைசன் வெளியேற்றப்பட்டாரே, அந்தச் சண்டைக்குப் பணம் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 20 லட்சம். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பணத்துக்கு ஈடு கிடைத்ததாக நினைத்திருப்பார்கள்? எனக்கென்னவோ பாதிப் பேராவது உள்ளுக்குள் நினைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வீரர்களையும் இந்த ஏற்பாடு மாற்றிவிட்டது. எத்தனை வீடு காசு கட்டுகிறதோ அதற்கேற்பப் பங்கு ஏறும். அதனால் ரிங்குக்கு வெளியே மூன்று மாதம் வாய்ச்சண்டை போட்டே ஆகவேண்டும். 2017இல் மேவெதரோடு மோதிய மெக்ரிகர் கூண்டுச்சண்டைக்காரர், அதற்குமுன் தொழில்முறைக் குத்துச்சண்டை ஒன்றுகூட ஆடாதவர். அவர் வாயை மட்டும் நம்பியே 43 லட்சம் வீடுகள் காசு கட்டின. நம்ம ஊர்ச் சந்தையில் லேகியம் விற்கிறவர்கூட கொஞ்சம் கூச்சப்படுவார்.

அதற்கு முந்தைய காலமும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். 1974இல் அலியும் ஃபோர்மேனும் கின்ஷாசாவில் விடியற்காலை நான்கு மணிக்கு மோதினார்கள். அமெரிக்கத் தியேட்டர்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அது ராத்திரி வேளை. அடுத்த வருஷம் அலியும் ஃப்ரேஸியரும் மணிலாவின் புழுக்கத்தில் காலை நேரத்தில் ஆடியதற்கும் அதே காரணம்தான். காசு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பொழுது விடியும்.

அலி பெயரை எடுத்தால் குமுளி நண்பரைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லைக்கு மேலே ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மலையாளி, தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார், குத்துச்சண்டைப் பைத்தியம். 2016இல் அலி இறந்தபோது, அப்போதைய கேரள விளையாட்டுத் துறை அமைச்சர் அவரைக் கேரள வீரர் என்று நினைத்து டிவியில் இரங்கல் சொன்னது ஊர் சிரித்த கதை. அதைச் சொல்லி எப்போது சீண்டினாலும் நண்பரிடம் பதில் தயார்: "89ல கோழிக்கோட்டுக்கு வந்திருக்காருல்ல, எங்க ஆளுதான்." 1980இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் அலி காட்சிச் சண்டை ஆடினாரே, அப்படிப் பார்த்தால் ஒன்பது வருஷம் முன்னாடியே எங்க ஆளு என்பேன் நான். இது இன்னும் தீர்ந்தபாடில்லை. முல்லைப் பெரியாறு பக்கம் மட்டும் பேச்சைப் போக விடமாட்டோம்.

2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கும் ஃப்யூரியும் மோதியபோது, தனியாகக் காசு கட்டவேண்டும் என்றதும் எனக்குள் இருந்த கஞ்சன் விழித்துக்கொண்டான். நண்பர் ஒரு திருட்டு லிங்க் அனுப்பினார். விடியற்காலை மூன்றரை மணி, போர்வைக்குள் நான் மட்டும். ரம்மி விளம்பரங்களை ஒவ்வொன்றாக மூடி மூடி ஒன்பதாவது ரவுண்டு வரை வந்தேன். உசிக் அடித்த அடியில் ஃப்யூரி கயிற்றோடு கயிறாகத் தள்ளாடுகிறார், படம் உறைந்துவிட்டது. எனக்கு வேண்டியதுதான். ஆனால் படம் நின்றதைவிட, "ஐயோ" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அன்றைக்குப் பெரிய குறையாக இருந்தது.

அப்போதுதான் மச்சானின் 100 டாலர் மேல் லேசாகப் பொறாமை வந்தது. அந்தக் கட்டணம் தலைக்கு அல்ல, வீட்டுக்கு. அதனால் எவனும் தனியாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. தலைக்குப் பத்துப் பதினைந்து டாலர் போட்டு, ஒருவர் பிரியாணி, ஒருவர் ஐஸ் பெட்டி என்று ஒரே வீட்டில் கூடிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட நம்ம மொய்க் கணக்கு. நான் இவ்வளவு திட்டிய ஏற்பாட்டில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

இப்போது சில பெரிய சண்டைகள் மாதச் சந்தாவிலேயே நெட்ஃப்ளிக்ஸில் வருகின்றன. 2024 நவம்பரில் 58 வயது டைசன் ஜேக் பாலோடு ஆடிய அன்று இங்கே கார்த்திகை முதல் தேதி. குமுளி ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்கள் வண்டி. நண்பர் அன்றைக்குத்தான் மாலை போட்டிருந்தார், வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. "சாமி, விரதத்துல ரத்தம் பாக்கலாமா?" என்று கேட்டேன். "டைசன் இப்ப ரத்தம் வர்ற மாதிரியெல்லாம் அடிக்கமாட்டார் சாமி" என்றார். சொன்ன மாதிரியே ஆனது. இடையிடையே வட்டம் சுற்றியது. உலகம் முழுக்க அன்று சுற்றியிருக்கிறது, எங்கள் லைனை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. யாரும் கொதிக்கவில்லை. சுண்டல் சாப்பிட்டோம்.

2025 செப்டம்பரில் க்ராஃபோர்டும் கனேலோவும் மோதினார்கள். மறுபடி ஞாயிறு காலை, மறுபடி கறி, ஹாலில் ஒன்பது பேர். இரண்டு எடைப்பிரிவு தாண்டி மேலே வந்து க்ராஃபோர்ட் ஆடியதைப் பார்த்த சித்தப்பா, "வெயிட்டு குறைஞ்சவன் நகத்தைக்கூட தொட முடியலையே" என்று வாயைப் பிளந்தார். என் மகன் மட்டும் வரவில்லை. பக்கத்து அறையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனில் படம் எங்கள் டிவியைவிட நாலைந்து விநாடி முந்தி வந்தது. அதனால் ஒவ்வொரு நல்ல குத்தும் எங்களுக்கு முதலில் அவன் சத்தமாகத்தான் வந்தது. பிறகுதான் படம். பன்னிரண்டாவது ரவுண்டு முடிந்து, தீர்ப்பைப் படிக்கப்போகிறார்கள், ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"க்ராஃபோர்டுப்பா!" என்றான் உள்ளேயிருந்து.

சித்தப்பா கறிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.