கவுன்சிலரைப் பார்க்க ஹெச்.ஓ.டி. கையெழுத்து எதற்கு?

அக்டோபர் 10 வந்தால் எங்கள் கல்லூரியில் உலக மனநல நாள் கொண்டாடுவார்கள். ஆடிட்டோரியத்தில் சிறப்பு விருந்தினர், கோலப் போட்டி, குழுவாக நின்று எடுத்த படம் மறுநாள் கல்லூரி இன்ஸ்டாகிராமில். "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று முதல்வர் மைக்கில் சொல்வார். யாரிடம் பேச, எப்போது பேச, பேசினால் அது எங்கே போய்ச் சேரும் என்று எந்த வருடமும் யாரும் சொன்னதில்லை. எனக்கு இனிமேல் பொறுமை இல்லை.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்குக் கவுன்சிலர், அதாவது மனநல ஆலோசகர், உண்டு. முறையாக உளவியல் படித்தவர். கனிவாகக் கேட்பார் என்று அவரைப் பார்த்த சீனியர்கள் சொல்கிறார்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் அறைக்குப் போகிற வழி இருக்கிறதே, அதன் மேல்தான் என் கோபம் முழுக்க.

அவர் வருவது வாரத்தில் ஒரு நாள், அதுவும் வகுப்பு நேரத்தில். வகுப்பை விட்டுவிட்டுப் போனால் அட்டெண்டன்ஸ் அடிபடும். 75 சதவீத வருகை என்ற கத்தி எப்போதும் தலைக்கு மேல் தொங்குகிறது. அதனால் ஓ.டி. (ஆன் டியூட்டி), அதாவது வகுப்பில் இல்லாவிட்டாலும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி, வாங்க வேண்டும். ஓ.டி. ஃபாரத்தில் மென்டர் (எங்களைக் கவனித்துக்கொள்ள ஒதுக்கிய ஆசிரியர்) கையெழுத்து, அப்புறம் கிளாஸ் அட்வைசர், அப்புறம் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. நடுவில் 'காரணம்' என்று ஒரு கட்டம். இரவெல்லாம் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிற ஒருத்தி அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவாள்? அதை எழுதிக் கொண்டுபோய் மூன்று பேர் மேசையில் வைத்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க முடிகிற அளவுக்குத் தெம்பு இருந்தால் அவளுக்குக் கவுன்சிலரே தேவைப்படாதே!

என் அறைத்தோழிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் கடன் நெருக்கடி, அதோடு சேர்ந்து தேறாமல் நிற்கும் அரியர் பாடங்கள். மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேசினால் பாதியில் அழுகை வந்துவிடும். கடைசியில் அவளாகவே கவுன்சிலரைப் பார்க்கிறேன் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? காரணம் என்ற இடத்தில் 'பர்சனல்' என்று எழுதிக் கொடுத்தாள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, "என்னம்மா பர்சனல், லவ் மேட்டரா?" என்று மென்டர் கேட்டார். ஹெச்.ஓ.டி., "உனக்கு என்னம்மா டென்ஷன்? வீட்ல கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்றாங்க. முதல்ல அரியரை கிளியர் பண்ணு" என்றார். அன்று மாலையே வீட்டுக்கு போன் போட்டாயிற்று. "உங்க பொண்ணு டிப்ரஷன்ல இருக்கா போல. கூட்டிட்டுப் போய் நாலு நாள் வச்சுப் பாருங்க." அவள் அம்மா ராத்திரி பஸ் ஏறி, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். ஊருக்குப் போனதும் அத்தை, சித்தி, பக்கத்து வீடு வரை பேச்சு. திரும்பி வந்தவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்டி."

கவுன்சிலரை அவள் பார்க்கவே இல்லை.

அந்த ஹெச்.ஓ.டி. கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குச் சொல்வது தன் கடமை என்று அவர் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வெளியே சொல்லாத ஒரு ஆளை. அது ஒன்றைத்தான் கேட்டாள். கவுன்சிலிங்கில் ரகசியம் காப்பது கூடுதல் வசதி இல்லை, அது இல்லாவிட்டால் அங்கே கவுன்சிலிங்கே நடக்காது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இருக்கும் சினேகா அமைப்பில் தன்னார்வலர்கள்தான் பேசுகிறார்கள். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அங்கே முகம் தெரியாதவர்கள் பேசுகிறார்கள். கோடிக்கணக்கில் கட்டடம் கட்டும் கல்லூரிகளால் இந்த ஒன்றைத் தர முடியாதா?

சட்டமும் இதைச் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவு: சிகிச்சை தருகிறவர்கள் மனநலப் பாதிப்பு உள்ளவரைப் பற்றித் தெரிந்ததை வெளியிடக் கூடாது. ஆனால் இந்தக் கடமை மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்குத்தான். ஓ.டி. ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் பேராசிரியருக்கு அப்படி எந்தக் கட்டும் கிடையாது. அவர் ஸ்டாஃப் ரூமில் பேசலாம், வார்டனிடம் சொல்லலாம், வீட்டுக்கு போன் போடலாம். ரகசியம் காக்கக் கடமைப்பட்டவரிடம் போவதற்கு, அந்தக் கடமையே இல்லாத மூன்று பேரிடம் முதலில் வாய் திறக்க வேண்டும். இந்த முறையை யோசித்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கூடவே இன்னொரு ஏமாற்று. எங்கள் மென்டர்கள் ஆளுக்கு இருபது மாணவர்களுக்கு ஒரு ரெக்கார்ட் வைத்திருக்கிறார்கள். செமஸ்டர் கடைசியில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆய்வுக்கு யாராவது வந்தால் அந்த நோட்டைக் காட்டுவார்கள். கணக்குப்படி நாங்கள் எல்லோரும் கவுன்சிலிங் பெற்றவர்கள்!

2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. முந்தைய வருடம் 13,089. நீட் பயிற்சிக்காக விசாகப்பட்டினம் போன 17 வயதுப் பெண் இறந்து, அவளுடைய அப்பா உச்ச நீதிமன்றம் வரை போராடினார். அந்த வழக்கில் 2025 ஜூலையில் நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியான கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வருடத்தில் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். இதற்கென்று சட்டம் வரும்வரை இவற்றைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும். எங்கள் விடுதிச் சுவரில் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி ஒட்டியிருக்கிறது. அந்த எண்களைக் காணோம்.

சரி, கல்லூரி வேண்டாம், வெளியே போகலாமே என்பீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, இலவசம். ஆனால் ஓ.பி. காலையில். விடுதியிலிருந்து வார நாளில் காலையில் வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். அவுட்பாஸுக்கு வார்டன் வீட்டுக்கு போன் போட்டு உறுதி செய்வார். மறுபடியும் அதே கேள்வி, அதே ஆட்கள். பையன்கள் விடுதியில் கேட் கொஞ்சம் தளர்வு, பெண்கள் விடுதியில் துளியும் கிடையாது. தனியார் கவுன்சிலர் என்றால் ஒரு முறைக்கே ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கடனில் ஃபீஸ் கட்டும் வீட்டுப் பிள்ளை அதை எங்கே போய்ப் புரட்டுவாள்?

14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நல்ல சேவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கிற அறையில் எங்கே நின்று பேசுவது? மொட்டைமாடிக்குப் பூட்டு. வராண்டாவில் கேமரா. பத்து மணிக்கு மேல் போன் பேசினால் வார்டன் குரல். என் தோழி ஒருநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், தண்ணீர்ச் சத்தத்தில் தன் குரல் வெளியே கேட்காது என்று. கதவைத் தட்டித் தட்டி வெளியே வரவைத்துவிட்டார்கள்.

காரணம் கேட்காமல் ஓ.டி. கொடுத்தால் பிள்ளைகள் கட் அடிப்பார்கள் என்று எங்கள் துறையிலேயே ஒருவர் சொன்னார். இருபது பேர் ஏமாற்றட்டுமே! கவுன்சிலர் அறையில் உட்கார்ந்து ஏமாற்றினால் என்ன குடி முழுகிவிடும்? அந்த இருபது பேருக்குப் பயந்து உண்மையிலேயே தவிக்கிற ஒருத்தியை வாசலிலேயே திருப்பி அனுப்புவீர்களா? உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா என்று இன்னொரு கேள்வி. வேண்டும்தான். உயிரைக் காக்கத் தேவையானதைச் சொல்ல நான் மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டமே இடம் தருகிறது. அப்படி ஒரு நிலை வந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் கவுன்சிலர். மெஷின் டிசைன் நடத்துகிற ஹெச்.ஓ.டி.க்கு அதை எடைபோடப் பயிற்சி கிடையாது.

நாங்கள் கேட்பதில் செலவே இல்லை. கவுன்சிலர் நாலரை மணிக்கு மேல் உட்காரட்டும். சந்திக்க வேண்டும் என்றால் அவருக்கே நேரடியாக ஒரு மெசேஜ் போதும் என்று ஆக்குங்கள். வகுப்பு நேரத்தில் போனால் அவர் தருகிற சீட்டு போதும், அதில் நேரம் மட்டும் இருக்கட்டும். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் முதல்வர் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. அறையை ஆபீஸ் வராண்டாவிலிருந்து மாற்றுங்கள், இப்போது ஃபீஸ் கட்ட நிற்கிற கூட்டம் முழுக்க யார் உள்ளே போகிறார் என்று பார்க்கிறது. விடுதியில் கதவு சாத்திப் பேச ஒரு அறை, ஸ்டோர் ரூமைக் காலி செய்தாலும் போதும்.

இதையெல்லாம் எழுதி மனுவாக்கி விடுதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெயர் போடப் பயப்படுகிறவர்களை வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை முதல்வரிடம் கொடுக்கிறோம், உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்களின் நகலோடு. பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.